வாமன சாஸ்திரமும் மைனர் பாடமும்

'மைனர்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் நேயர்களில் பலருக்கு ஜரிகை வேஷ்டியும், புலிநகச் சங்கிலியும், அத்தர் வாசனையுமாகத் தெருவில் உலாவிய பழைய காலத்து ஜமீன்தார் பிள்ளை ஞாபகத்துக்கு வரக்கூடும். பாட்டன் தேடிய சொத்தைப் பேரன் செலவழிப்பதே அந்த மைனரின் முழு நேர உத்தியோகம். இப்போது நம் கலாசாலைகளில் வேறொரு மைனர் வந்து சேர்ந்திருக்கிறது. மாணாக்கன் பிரதானமாகக் கற்கும் பாடம் 'மேஜர்'; அதனுடன் துணையாகக் கற்கும் பாடம் 'மைனர்'. தமிழில் இதை உபபாடம் என்று சொல்லலாம். இந்தப் புதிய மைனர் உழைத்துச் சம்பாதிக்கப் போகிறதா, அல்லது பழைய மைனரைப் போலத் தேசத்தின் சொத்தையும் வாலிபர்களின் காலத்தையும் செலவழித்துவிட்டுப் போகப் போகிறதா என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

பல்கலைக் கழக மானியக் குழுவினர் 2022 டிசம்பரில் பட்டப் படிப்புக்கென்று ஒரு புதிய சட்டகத்தை வெளியிட்டார்கள். அதன்படி மூன்று வருஷப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகள் வேண்டும். அவற்றில் 24 உபபாடத்துக்குரியவை. அதாவது படிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. இது அற்பமான பங்கு அன்று. ஒரு குடியானவன் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் என்ன பயிரிடலாம் என்று எவ்வளவு யோசிப்பானோ, அவ்வளவு யோசனை இதற்கும் அவசியமாகும்.

இந்தப் பங்கில் பயிரிடத்தக்கவை பல உண்டு. அவற்றுள் நானோ தொழில்நுட்பம் என்னும் பயிரைப் பற்றித்தான் நாம் இங்கே பேச விரும்புகிறோம். ஏனெனில், எந்தத் தனிப்பட்ட சாஸ்திரத்துக்கும் அடங்காமல் பல சாஸ்திரங்களும் கூடி வளர்க்க வேண்டிய பயிர் அது. அத்துடன், பெயரின் கவர்ச்சியால் மிகச் சுலபமாகக் கெட்டுப்போகக் கூடிய பயிரும் அதுவே.

'நானோ' என்பது குள்ளன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் விரல் நகம் ஒரு விநாடியில் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வளருகிறது. நேயர்கள் இந்த வாக்கியத்தை வாசித்து முடிப்பதற்குள் நகம் ஐந்தாறு நானோமீட்டர் வளர்ந்திருக்கும்! சுமார் 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள அளவில் பொருள்களை ஆக்கி, அறிந்து, பயன்படுத்தும் வித்தையே நானோ தொழில்நுட்பம். குள்ள உருவத்தில் வந்து மூவடியால் உலகளந்த கதை நம் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். ஆகையால் இதை நாம் வாமன சாஸ்திரம் என்று அழைத்தால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

குள்ளமாவதில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சர்க்கரைக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறு முகங்களின் பரப்பு மொத்தம் 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக்குவதாக வைத்துக்கொண்டால், ஒன்றுக்குப் பின் 21 சைபர்கள் போட்ட எண்ணிக்கையுள்ள துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்! எடை கூடவில்லை; ஆனால் உள்ளங்கையில் இருந்தது ஒன்றரை ஏக்கராக விரிந்துவிட்டது. ரஸாயன மாறுதல்கள் பெரும்பாலும் பொருள்களின் மேற்பரப்பில் நிகழ்வதால், பரப்புப் பெருகினால் அவற்றின் வேகமும் பெருகுகிறது. அன்றியும், இந்த அளவில் நிறம், உருகும் வெப்பம், மின்சாரத்தைக் கடத்தும் தன்மை ஆகியவையும் மாறக் காண்கிறோம். மஞ்சளாக மின்னும் தங்கம், இருபது நானோமீட்டர்த் துகள்களாகி நீரில் மிதக்கும்போது மாணிக்கச் சிவப்பாகத் தோன்றுகிறது.

இந்தச் சிவப்பு எந்த சாஸ்திரத்துக்குச் சொந்தம்? ஒளியும் எலெக்ட்ரான்களும் சேர்ந்தாடும் ஆட்டத்தால் நிறம் வருகிறது என்பார் பௌதிக ஆசிரியர். அந்தத் துகள்களை உண்டாக்கியதும் ஒன்றோடொன்று ஒட்டாமல் காத்ததும் எங்கள் வேலை என்பார் ரஸாயன ஆசிரியர். அதே துகளில் நோய்க்கிருமியின் அடையாளத்தை ஒட்டவைத்து, வியாதியைக் கண்டறியும் காகிதப் பட்டையில் சிவப்புக் கோடாகக் காட்டலாமே என்பார் ஜீவசாஸ்திர ஆசிரியர். மூவரும் சொல்வது உண்மை. மூன்றடியும் வைத்தால்தான் உலகம் அளக்கப்படும். ஓரடி குறைந்தாலும் அளவு நிறைவேறாது.

இதன் காரணமாகவே நானோ தொழில்நுட்பத்தைத் தனிப் பட்டமாக வைப்பதைவிட உபபாடமாக வைப்பது மேல் என்று நாம் கருதுகிறோம். தனிப் பட்டமானால் மாணாக்கன் மூன்று சாஸ்திரங்களிலும் சிறிது சிறிது கற்று, எதிலும் காலூன்றாமல் போய்விடும் அபாயம் உண்டு. உபபாடமானால், ரஸாயனத்தையோ, பௌதிகத்தையோ, தாவர சாஸ்திரத்தையோ அவன் ஆழமாகக் கற்றுக்கொண்டே, பக்கத்து வீட்டாருடன் பேசவும் பழகுகிறான். தன் வீடு உறுதியாக உள்ளவனுக்குத்தான் அடுத்த வீட்டுக்குப் போய்வருவதில் லாபம் உண்டு.

ஆனால், உபபாடம் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் பல துறைகளும் சேர்ந்துவிடுவதில்லை. மிகச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பௌதிகத்தில் இரண்டு பழைய பாடங்கள், ரஸாயனத்தில் இரண்டு, ஜீவசாஸ்திரத்தில் இரண்டு என்று எடுத்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'நானோ' என்று முன்னொட்டுச் சேர்த்து, ஒரே பட்டியலாக அச்சிட்டுவிடலாம். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே வேண்டியதில்லை. இது நேற்றைய மிச்சத்தையெல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டுவதைப் போன்றது. அவியல் அப்படியன்று. அவியலில் வாழைக்காய் வாழைக்காயாகவே இருக்கிறது. முருங்கைக்காயும் முருங்கைக்காயாகவே இருக்கிறது. ஆனால் தேங்காயும் தயிரும் சேர்ந்து எல்லாவற்றையும் ஒரே பண்டமாக்கிவிடுகின்றன. நமது உபபாடத்துக்கு அந்தத் தேங்காயும் தயிரும் எவை? பொதுவான கேள்வியும், கையால் செய்யும் வேலையும் என்பதே நம் விடை.

24 கிரெடிட்டுகளை ஆறு பருவங்களுக்குப் பங்கிட்டால் பருவத்துக்கு நான்கு வரும். அவற்றில் இரண்டை வகுப்புக்கும் இரண்டைப் பரிசோதனைச் சாலைக்கும் ஒதுக்கினால், பருவந்தோறும் சுமார் 30 மணி நேரப் பாடமும் 60 மணி நேரக் கைவேலையும் கிடைக்கும். பாடத்தைவிடக் கைவேலை இருமடங்காவது குறித்து யாரும் திகைக்க வேண்டாம். நீச்சலைக் கரையிலிருந்து கற்றவர் யாரும் இல்லை. ஆறு பருவங்களுக்கும் நாம் ஆறு கேள்விகளை முன்வைக்கிறோம்.

முதற் பருவத்தின் கேள்வி: இவ்வளவு சிறியதை எப்படி அளப்பது? இதற்கு விலையுயர்ந்த யந்திரம் எதுவும் வேண்டாம். அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டனில் கிளாபம் என்னும் இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டார். அது பரவி அரை ஏக்கர் நீரைக் கண்ணாடிபோல் அமைதியாக்கியது. இச்செய்தி 1774-ல் அச்சேறியது. அந்தக் கரண்டியில் இரண்டு கன சென்டிமீட்டர் எண்ணெய் இருந்ததென்று வைத்துக்கொள்வோம். அரை ஏக்கர் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஒரு நானோமீட்டர்! ஜெர்மனியில் ஆக்னஸ் போக்கெல்ஸ் என்ற அம்மையார், சர்வகலாசாலையின் வாசற்படியை மிதிக்க வாய்ப்பில்லாமல், வீட்டுச் சமையலறையில் ஒரு தகரத் தொட்டியை வைத்துக்கொண்டு நீரின் மேற்பரப்பைப் பற்றி ஆராய்ந்தார். அவர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியாயிற்று. வாமன சாஸ்திரத்தின் முதற் பாடத்தை ஒரு தாம்பாளம் தண்ணீரிலும் ஒரு சொட்டு எண்ணெயிலும் தொடங்கலாம் என்பதற்கு இவ்விருவருமே சாட்சி.

இரண்டாம் பருவத்தின் கேள்வி: எப்படிச் செய்வது? மைக்கேல் பாரடே 1857-ல் தங்கத் துகள்கள் மிதக்கும் சிவப்பு நீரைப் பற்றி ராயல் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். இதைச் செய்ய இப்போது எளிய முறை உண்டு. தங்க உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து, எலுமிச்சம் பழத்தில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பைச் சேர்த்தால் சில நிமிஷங்களில் சிவப்பு உதயமாகிறது. பிறகு அதிலே சாதாரண உப்புக் கரைசலை விட்டால் துகள்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நீலமாகின்றன. ஒரு முறை தன் கையால் இதைச் செய்த மாணாக்கன், துகளின் அளவுக்கும் நிறத்துக்கும் உள்ள உறவை ஆயுள் முழுவதும் மறக்க மாட்டான்.

மூன்றாம் பருவத்தின் கேள்வி: கண்ணுக்கு எட்டாததை எப்படிக் காண்பது? சாதாரண ஒளி நுண்காட்டி சுமார் 200 நானோமீட்டரோடு நின்றுவிடுகிறது. 1931-ல் பிறந்த எலெக்ட்ரான் நுண்காட்டியும், 1981-ல் ஸ்விட்ஸர்லாந்தில் பின்னிக், ரோரர் இருவரும் அமைத்த, ஊசிமுனையால் அணுக்களைத் தடவிப் பார்க்கும் நுண்காட்டியும் இங்கே இடம்பெற வேண்டும். இவற்றுக்கு நடுவே நம் சர் சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28-ந் தேதி கண்டறிந்த ஒளி விளைவும் உண்டு. கார்பன் நானோ குழாயைச் சோதிக்கும் பரிசோதனைச் சாலைகள் உலகெங்கும் இன்று ராமன் நிறமாலையைத்தான் தினமும் கையாளுகின்றன.

நான்காம் பருவத்தின் கேள்வி: உயிர் இதை எப்படிச் செய்கிறது? நம் வித்துச் சரடாகிய டி.என்.ஏ. இரண்டு நானோமீட்டர் அகலந்தான். 2020-ல் கோவிட் நோய்க்கு வந்த தடுப்பூசிகளுள் சில, சுமார் 100 நானோமீட்டர்க் கொழுப்புத் துளிக்குள் செய்தியைப் பொதித்து உடம்புக்குள் அனுப்பின. கடிதம் எழுதினவர் ஒரு சாஸ்திரக்காரர். உறை செய்தவர் மற்றொருவர். உறை இல்லாவிடில் கடிதம் போய்ச் சேர்ந்திராது.

ஐந்தாம் பருவத்தின் கேள்வி: சொல்வது மெய்யா, செய்வது தகுமா? இதை நாம் உபபாடத்தின் உயிர்நிலையாகக் கருதுவதால் சற்று விரித்துரைக்க நேயர்கள் அனுமதிக்க வேண்டும்.

2021-ல் நம் நாட்டில் 'நானோ யூரியா' என்னும் திரவ உரம் கடைக்கு வந்தது. அரை லிட்டர் புட்டி ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடாகும் என்று தயாரித்த கூட்டுறவு ஸ்தாபனத்தார் அறிவித்தார்கள். ஒரு மாணாக்கன் முதலில் கணக்குப் பார்க்கட்டும். மூட்டை யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அதாவது ஏறக்குறைய 20 கிலோ. அந்தப் புட்டியில் 4 சதவீதம். அதாவது 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு! வேருக்கு இட்ட உரத்தில் பெரும்பகுதி காற்றோடும் நீரோடும் வீணாகிறது, இலையில் தெளித்த நானோ துகள் வீணாவதில்லை என்பது தயாரித்தவர்களின் வாதம். 94 வகைப் பயிர்களில், சுமார் 11,000 வயல்களில் சோதித்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். ஆனால் லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக் கழகத்தார் இரண்டு வருஷம் வயலில் சோதித்துப் பார்த்தபோது, சிபாரிசு செய்யப்பட்ட முழு உரம் பெற்ற பயிரைவிட நெல்லில் சுமார் 13 சதவீதமும், கோதுமையில் 21 சதவீதத்துக்குச் சற்று மேலும் விளைச்சல் குறைந்ததைக் கண்டார்கள்.

இவ்விஷயத்தில் தீர்ப்புக் கூற நாம் இங்கே உட்காரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூட்டையையா, புட்டியையா வாங்குவது என்று கடை வாசலில் நிற்கும் குடியானவருக்கு யார் பதில் சொல்வது? ரஸாயனம் மட்டும் தெரிந்தவர் துகளின் அளவைச் சொல்வார். தாவர சாஸ்திரி இலையின் நுண்துளை எவ்வளவு பெரியது, அது எவ்வளவை உள்வாங்கும் என்று சொல்வார். புள்ளிவிவரக்காரர், எந்தச் சோதனையை எப்படி நடத்தினால் நம்பலாம் என்று சொல்வார். பொருளாதாரக்காரர், விளைச்சல் குறைந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்பார். இந்த நாலு பேரையும் கலந்துகொள்ளக் குடியானவர் எங்கே போவார்? அவருடைய வீட்டிலிருந்தே கலாசாலைக்குப் போகும் மகனோ மகளோ இந்த நாலு பேர் பாஷையையும் ஓரளவு அறிந்து, அறிவிப்பை நிறுத்துப் பார்க்கும் திறமையோடு திரும்பி வருவார்களானால், அதுவே நமது உபபாடம் ஈட்டித்தரும் பெருஞ்செல்வம்.

நன்மையைப் போலவே தீமையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். நீண்ட கார்பன் நானோ குழாய்கள் எலிகளின் உடம்பில் கல்நாரைப்போலவே புண் உண்டாக்கக் கூடுமென்று 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்தார்கள். உணவுப் பண்டங்களுக்கு வெண்மையூட்டிய டைட்டானியம் டை-ஆக்ஸைடை, அதிலுள்ள நானோ துகள்களின் தீங்கை உத்தேசித்து, ஐரோப்பிய யூனியன் 2022-ல் உணவிலிருந்து விலக்கியது. இவற்றையெல்லாம் கற்பிக்காத நானோ பாடம், கத்தியைக் கொடுத்துப் பிடியைக் காட்டாத பாடமாகும்.

ஆறாம் பருவத்தில் மாணாக்கன் தன் ஜில்லாவின் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். தருமபுரிப் பக்கத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பற்களையும் எலும்புகளையும் கெடுத்த கதையை நம் நேயர்கள் அறிவார்கள். சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் பிரதீப்பும் அவருடைய குழுவினரும் வெள்ளி முதலிய உலோகங்களின் நானோ துகள்களால் குடிநீரிலிருந்து பூச்சிமருந்து நஞ்சை நீக்கும் முறையைக் கண்டார்கள். அது வீட்டு வடிகட்டியாகவும் கடைக்கு வந்தது. அதே வழியில் புளோரைடுக்கும் முயலலாமா என்று மாணாக்கன் ஆராயட்டும். ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் நல்ல தண்ணீர் கொண்டுவந்ததே மேல், இங்கே நானோ வேண்டியதில்லை என்று அவன் முடிவுக்கு வந்தாலும் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். தன் சாஸ்திரம் எங்கே வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனே அதை அறிந்தவன்.

நிற்க. இவ்வளவும் நன்றுதான், யந்திரங்களுக்குப் பணம் எங்கே என்று கலாசாலைத் தலைவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எலெக்ட்ரான் நுண்காட்டி ஒன்றின் விலை கோடிக் கணக்கில் போகிறது. ஒவ்வொரு ஜில்லாக் கலாசாலையும் ஒன்று வாங்குவது நடவாத காரியம். வாங்கினாலும் பராமரிப்பில்லாமல் துணி போர்த்திக் கொலுவில் வைக்கத்தான் நேரும். இதற்கு அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தார் 1998-ல் ஒரு வழி கண்டார்கள். சிறிய ஊர்க் கலாசாலைகளில் படிக்கும் மாணாக்கர்கள் ஒரே ஒரு பருவம் மட்டும் அம்மாகாணத்தின் பெரிய சர்வகலாசாலைக்கு வந்து, ஆறு பாடங்களை அங்குள்ள யந்திரங்களைக் கையாண்டே கற்றுத் திரும்பும்படி ஏற்பாடு செய்தார்கள். யந்திரம் ஓரிடத்தில் இருந்தது. வித்தை ஊரெங்கும் பரவியது.

நமக்கும் அதற்கான அஸ்திவாரம் இல்லாமலில்லை. மத்திய ஸர்க்கார் 2007-ல் ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டமாக நானோ இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் ஏற்பட்ட நானோ மின்னணுவியல் நிலையங்களை வெளியூர் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடும் திட்டம் 2008-ல் பிறந்தது. தேசத்தின் எந்தப் பரிசோதனைச் சாலையில் எந்த யந்திரம் இருக்கிறதென்று தேடி முன்பதிவு செய்துகொள்ளும் வசதியும் 2020-ல் வந்தது. இவை பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்களை உத்தேசித்து எழுந்தவை. அந்தக் கதவை இளங்கலை மாணாக்கனுக்கும் வருஷத்துக்குச் சில வாரங்கள் திறந்துவிட வேண்டும் என்பதே நம் விண்ணப்பம். ரயில் கட்டணத்தையும் தங்கும் செலவையும் உதவித் தொகையாகக் கொடுத்தாலொழிய, முதன்முதலாகக் கலாசாலைப் படி ஏறிய வீட்டுப் பிள்ளை அந்தக் கதவுவரை வரமாட்டான். நகரத்துச் செல்வர் பிள்ளைகளுக்கு மட்டும் எட்டும் வித்தை எவ்வளவு நுண்ணியதானாலும் அதைத் தேசிய வித்தை என்று சொல்வதற்கில்லை.

பணத்தைவிடப் பெரிய இடையூறு ஒன்று உண்டு. அது ஆசிரியர்களின் நேரக் கணக்கு. மூன்று ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் நின்று ஒரு மணி நேரம் கற்பித்தால், அந்த மணி யாருடைய கணக்கில் ஏறும்? மூவருக்கும் ஏற்ற விதி இடம் தராவிடில் ஒருவர் மட்டும் வருவார்; மற்ற இருவர் அவரவர் இலாகாவுக்குப் போய்விடுவார்கள். பழைய மிச்சப் பாத்திரம் மறுபடி அடுப்பேறிவிடும். பள்ளிக்கூடத்தில் நேர அட்டவணையோடு மல்லாடும் நமக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். ஆகவே, உபபாடத்தைத் தொடங்கு முன் பாடத்திட்டத்தை எழுதுவதைக் காட்டிலும் முதலாவதாக இந்த விதியை மாற்றி எழுத வேண்டும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் வடம் பிடிக்க வந்தவனுக்குக் கூலி இல்லையென்றால் ஊர் கூடாது.

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் விஞ்ஞானச் சொற்களை ஆக்குவதற்கென்று ராஜாஜி முதலியோர் சேலத்தில் ஒரு சங்கம் நிறுவியது 1916-ல். நூறு வருஷத்துக்கு மேலாகியும், ஜில்லாக் கலாசாலையில் தமிழ் வழி கற்று வந்த பிள்ளை பௌதிக வகுப்பில் வாயடைத்து உட்காரும் காட்சி மறையவில்லை. இந்த உபபாடத்துக்கு ஆறு பருவத்துக்கும் ஆறு தமிழ்ப் புத்தகங்கள் வேண்டும். 'நானோ' என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. சொல் கடனாக வந்தாலும் விளக்கம் சொந்தமாக இருக்க வேண்டும்.

பழம்பெருமை பேசும் நண்பர்களுக்கும் ஒன்று கூற விரும்புகிறோம். கீழடியில் கிடைத்த, கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த மட்பாண்டங்களின் கரும் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2020-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். கேட்டதும் நெஞ்சு நிமிருகிறது, நிமிரட்டும். ஆனால் அந்தக் குயவர் நல்ல பானை செய்ய எண்ணினாரேயன்றி நானோ குழாய் செய்ய எண்ணவில்லை. சூளையின் சூட்டையும் பூச்சின் பக்குவத்தையும் அவர் கை அறிந்திருந்தது. காரணம் அவருக்குத் தெரிய வழியில்லை. கையறிவுக்குக் காரண அறிவையும் சேர்த்துக் கொடுப்பதே அவருடைய சந்ததியாருக்கு நாம் செய்ய வேண்டிய கைம்மாறு. 'எங்களிடம் எல்லாம் இருந்தது' என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பது அந்தக் கைக்கு மரியாதை ஆகாது.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு. 'இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?' என்று கேட்பீர்கள். இந்த உபபாடம் மட்டும் வேலை வாங்கித் தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரதான பாடத்தில் உறுதியுள்ள பிள்ளைக்கு இது இன்னொரு கை. உறுதியில்லாத பிள்ளைக்கு இன்னொரு சுமை. கலாசாலையில் சேர்க்கு முன் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளை தன் கையால் பரிசோதனை செய்யும்? வெவ்வேறு இலாகா ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் வகுப்பு ஒன்றாவது உண்டா? பெரிய யந்திரத்தைக் கையாள எந்த ஊருக்கு, யார் செலவில் அனுப்புவீர்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் மகிழ்ச்சியோடு சேருங்கள். வழவழப்பான அச்சுப் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்துச் சிரித்தால், அது புலிநகச் சங்கிலி போட்ட பழைய மைனர்தான் என்று தெரிந்துகொண்டு வீடு திரும்புங்கள்.

குள்ளன் கேட்டது மூன்றடி மண். இது என்ன பிரமாதம் என்று அலட்சியமாகக் கொடுத்தவன் கதை நமக்குத் தெரியும். நம் வாமன சாஸ்திரம் கேட்பதும் மூன்றடிதான்: ஆசிரியர்களின் ஒத்துழைப்பு, பரிசோதனைச் சாலையின் திறந்த கதவு, தாய்மொழியில் நல்ல புத்தகம். கொடுப்பவர்கள் அறிந்து கொடுக்கட்டும். இந்த வருஷம் பாடத்திட்டக் குழுக்களில் அமரும் பெரியோர்கள் அந்த முதலடிக்கு இடம் விடுவார்களாக.